12 கட்டமும் ஒரு பிரசென்ட் பெர்ஃபெக்டும்

ஆங்கிலம் சொல்லித்தருகிறேன் என்று யார் கிளம்பினாலும் முதல் வேலையாக அந்த 12 கட்ட 'டென்ஸ்' (வினையின் காலம்) அட்டவணையைத்தான் நீட்டுகிறார்கள். மேலே பாஸ்ட், பிரசென்ட், ஃப்யூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். மனப்பாடம் பண்ணு, இங்கிலீஷ் தானாக வரும். எங்கே வந்தது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அட்டவணையை ஒப்பிக்கிறவர்கள்கூட ஒரு ஃபோன் வந்தால் வாயடைத்துப் போகிறார்கள்.

அந்தப் பெயர்களாவது உண்மை பேசுகின்றனவா? 'தி ட்ரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' சரியான வாக்கியம். நாளைக்குக் கிளம்பும் ரயிலுக்கு எதற்கய்யா பிரசென்ட்? 'இட்ஸ் டைம் வீ வென்ட்' என்றால் இனிமேல்தான் கிளம்ப வேண்டும். வினையோ பாஸ்டில் நிற்கிறது! ஆங்கில வினைக்கு வடிவத்தில் பாஸ்ட், பிரசென்ட் என்று இரண்டே காலம்தான், ஃப்யூச்சருக்குப் போடும் 'வில்' வெறும் துணைவினை என்று மொழியியலாளர்கள் பலர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அட்டவணைக்காரர்கள் காதில் அது விழவே இல்லை.

இதில் ஹாஸ், ஹாவ் போட்டுச் சொல்கிற பிரசென்ட் பெர்ஃபெக்ட் படுத்தும் பாடு தனி. 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் 'ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே' என்றால் தப்பு. நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹாஸ், ஹாவ் வரக்கூடாது. 'ஹி கேம் யெஸ்டர்டே', அவ்வளவுதான். தமிழில் யோசிக்கிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? 'சற்றுமுன் முடிந்த செயலைக் குறிக்கும்.' சரி, 'ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதில் எது முடிந்தது? அந்த ஆள் இன்னும் அங்கேதானே குடியிருக்கிறார்! உண்மையிலேயே சற்றுமுன் முடிந்ததை அமெரிக்கர்கள் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று சிம்பிள் பாஸ்டிலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள். (அவர்களுக்கு யார் மார்க் குறைப்பது?)

அப்புறம் அந்தக் கடைசிக் கட்டம், ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். 'ஐ வில் ஹாவ் பீன் ஒர்க்கிங்...' இதை அன்றாடப் பேச்சில் யாராவது சொல்லிக் கேட்பதே அபூர்வம். அதற்கும் அட்டவணையில் சம இடம், பரீட்சையில் சம மார்க். தினமும் தடுக்கி விழுகிற 'யெஸ்டர்டே' விவகாரத்துக்கு மட்டும் பாடத்தில் நேரமில்லையாம்!