அறுவை முடிந்த மறுநாள் அப்பா நடந்தார்

அப்பாவுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி என்று தெரிந்த நாள் முதல், பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்த ஆஸ்பத்திரியில் ரோபோ இருக்கிறதா?" அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு முறை போய் வந்தால் போதும், விளம்பரப் பலகைகளில் அந்த இயந்திரக் கைகள் கண்ணில் பட்டுவிடும். நானும் முதல் வாரம் முழுவதும் அதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில், ரோபோ இல்லாமல் செய்தார்கள். அப்பா தினமும் காலையில் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார். அவர் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததற்குக் காரணமாக நான் கண்ணால் பார்த்தவற்றில் ஒன்றுகூட எந்த விளம்பரப் பலகையிலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் 1996-க்குப் போக வேண்டும். அந்த வருடம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். நகரின் ஒரு மருத்துவமனையில் விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கிழித்து எடுத்தார்கள். முந்தின இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். தியேட்டருக்குள் அழைத்துச் சென்றபோது மறுநாள் மதியம் ஒரு மணி. நாக்கு வறண்டு பேச முடியாமல் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பிறகு ஐந்து நாள் மூக்கில் டியூப், அசையாத படுக்கை. நான்காம் நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். பத்தியம் என்று வீட்டிலும் ஒரு மாதம் கஞ்சிதான். நாற்பத்தொரு வயதில் உள்ளே போனவர் அறுபது வயதுக்காரரைப் போல வெளியே வந்தார்.

அந்தக் காலத்து மருத்துவர்கள் யாரும் மனமறிந்து வதைக்கவில்லை. மயக்கத்தில் இருப்பவரின் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருத்துவர் மெண்டல்சன் 1946-ல் பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் கண்டு எழுதியது இது. அந்த அச்சத்தில் வேரூன்றியதுதான் 'நள்ளிரவுக்குப் பின் எதுவும் கூடாது' என்ற விதி. ஆனால் சோறு வயிற்றில் தங்கும் நேரம் வேறு, தண்ணீர் தங்கும் நேரம் வேறு. தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மங்களை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999-லேயே வழிகாட்டிவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் இங்கே எத்தனையோ பேர் தொண்டை காய்ந்து காத்திருக்கிறார்கள். பழைய வழக்கம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு அன்று அதிகாலையில் மயக்க மருந்து டாக்டர் சொல்லி ஒரு தம்ளர் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். அத்தை பதறிவிட்டார். (சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயிறு மெதுவாகக் காலியாகும் சிக்கல் உள்ளவர்கள் தாங்களாக இதைச் செய்துவிடாதீர்கள். உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வதே உங்களுக்கு விதி.)

அறுவை முடிந்தவரைச் சீக்கிரம் எழவைக்கும் இந்த அணுகுமுறைக்கு வித்திட்டவர் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட். 1990-களில் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது: அறுவை நன்றாகவே முடிந்திருக்கும்போது நோயாளி ஏன் இத்தனை நாள் படுத்துக் கிடக்கிறார்? வலி, பட்டினி, தேவையற்ற குழாய்கள், குடலை மந்தமாக்கும் மார்ஃபின் வகை வலி மருந்துகள், அசையாத உடம்பு என்று காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறைத்துக் காட்டினார். கத்தி பட்டதும் உடம்பு போர்க்காலத்தில் இருப்பதுபோல நடந்துகொள்கிறது. சர்க்கரை ஏறும், தசை கரையும். அந்தக் கொந்தளிப்பைத் தணித்தால் குணமாவது விரைவுபடும் என்பதே அவர் கண்டது.

எங்கள் வார்டில் இதன் வடிவம், மூச்சுப் பயிற்சிக்கான, மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி. அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே கையில் கொடுத்துவிட்டார்கள். அதை ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அப்பா முதல் இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட் அருகில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்த பிறகுதான் பந்துகள் எழும்பின. பீடியை அன்றே விடச் சொன்னதும் அவர்தான். வயிற்றுச் சுவரின் நரம்புகளுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால், மறுநாள் காலையில் அப்பாவால் இரும முடிந்தது. ஏழு மணிக்கு நர்ஸ் வந்து, "ஐயா, இறங்குங்கள், கழிவறை வரை போய் வருவோம்" என்றார். "வயிற்றை அறுத்த மனிதனை நடக்கவிடுவது என்ன நியாயம்?" என்று அத்தை சண்டைக்கே போய்விட்டார். அந்தச் சகோதரி குரலை உயர்த்தவில்லை. படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி தேங்கும் என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் தோளைப் பிடித்தார். பதினெட்டு அடி நடந்தார் அப்பா. எண்ணியது நான்தான்.

உணவிலும் இதே போராட்டம். பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பும் முட்டையும் தராமல் வெறும் கஞ்சி கொடுப்பது ஆறுகிற உடம்பைப் பட்டினி போடுவதாகும். அம்மாவுக்கு ஒரு மாதம் அதைத்தான் செய்தோம் என்பது எனக்கு இப்போது வலிக்கிறது.

ரோபோவுக்கு நான் எதிரி இல்லை. ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022-ல் ரோபோ அறுவைப் பிரிவு வந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். இடுப்புக்குழியின் ஆழத்தில், புராஸ்டேட் போன்ற இடங்களில் அந்தக் கைகள் வளையும் விதம் மருத்துவருக்குப் பெரிய உதவி. ஆனால் அது தானாக அறுப்பதில்லை. அருகில் உட்கார்ந்து மருத்துவர்தான் இயக்குகிறார். எல்லா அறுவைக்கும் அதுவே மேல் என்பதும் இல்லை. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு பெற்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பித்தப்பை அறுவைகளை அலசி 2023-ல் வெளியான ஆய்வில், பித்தநீர் செல்லும் குழாயில் காயம் லேப்ராஸ்கோப்பியில் சுமார் 0.2 சதவீதம், ரோபோவில் சுமார் 0.7 சதவீதம். இன்னொரு பக்கம், உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஒற்றைத்தாள் சரிபார்ப்புப் பட்டியலைப் பாருங்கள். மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என மூன்று முறை நின்று சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்தத் தாளின் விலை என்ன?

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் கற்றுக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் இடங்களைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. ஐந்தாம் நாள் வீடு திரும்பிய அப்பாவுக்கு ஏழாம் நாள் இரவு காய்ச்சல். வார்டு எண்ணை எழுதிக் கொடுத்திருந்ததால் உடனே பேச முடிந்தது, காலையிலேயே பார்த்தார்கள். அந்த எண் இல்லையென்றால் நான் மருந்துக்கடைக்காரரிடம்தான் போய் நின்றிருப்பேன்.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். பெரிய அறுவை முடிந்து திரும்பியவர்களின் வீடுகளையும் அவர்கள் வழக்கமாகச் செல்லும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அறுவை வார்டிலும் பிசியோதெரபிஸ்டும் போதிய நர்ஸ்களும் இருக்க வேண்டும். கோடிகளில் இயந்திரம் வாங்கும் அன்றே இவர்களுக்கான பணியிடங்களுக்கும் ஒப்புதல் தரலாமே!

அடுத்த மாதம் சித்தப்பாவுக்குக் குடலிறக்க அறுவை. நேற்று மருத்துவமனைக்கு உடன் போயிருந்தேன். எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம், வலிக்கு என்ன ஏற்பாடு, எப்போது நடக்கவிடுவீர்கள், இரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று நான்கையும் கேட்டோம். டாக்டர் நிதானமாகப் பதில் சொன்னார். சித்தப்பா நேற்று இரவே அப்பாவின் மூன்று பந்துக் கருவியைப் போல ஒன்றைப் புதிதாக வாங்கிவிட்டார். எதிரில் உட்கார்ந்து அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்: "ஊதாதே, இழு."