நிறுத்துங்கள், ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

புயல் மழையில் ரயில் நின்றுபோய், ஸ்டேஷன் விசாரணைக் கவுன்ட்டரில் ஒரு அம்மா ஊழியரைப் பார்த்துக் கத்துகிற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. நான் மறுபடி பகிரப் போவதில்லை. பகிர்ந்தவர்களும் முடிந்தால் நீக்கிவிடுங்கள். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் போனுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

வீடியோவைவிட என்னைக் கடுப்பேற்றியது அதன் கீழே வந்த கமென்ட்டுகள். "புயல்னு தெரிஞ்சும் யாரு கிளம்பச் சொன்னது?" ஆளுக்கு ஆள் இதே வரிதான். ஒருவர் "ஆரஞ்சு அலெர்ட்டில் இன்பச் சுற்றுலா" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தார். அதற்கு லைக் போட்டவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

யார் கிளம்பச் சொன்னது? நான் சொல்கிறேன்.

ரயில் டிக்கெட்டை அறுபது நாள் முன்னால் எடுக்கிறோம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, அது புயலாகி, எந்தப் பக்கம் வரும் என்று தெரிவதற்குள் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிவிடுகிறது. அப்போது நாமாக டிக்கெட்டை ரத்து செய்தால் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள், கடைசி நேரத்தில் செய்தால் ஒன்றுமே வராது. ரயிலை அவர்களே ரத்து செய்தால் முழுப் பணம். அப்படியென்றால் மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்? அவர்கள் ரத்து செய்கிறார்களா என்று கடைசிவரை பார்ப்பார். அதைப் பையோடு வந்து பிளாட்பாரத்தில் நின்றுதான் பார்க்க முடியும். இந்த விதியை அந்த அம்மா எழுதவில்லை.

அப்புறம் இந்த விடுமுறை. மழை என்றால் கலெக்டர் பள்ளிக்கும் கல்லூரிக்கும் விடுமுறை விடுகிறார். தனியார் நிறுவனங்களுக்கு, முடிந்தால் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதியுங்கள் என்று ஒரு வேண்டுகோள் வரும். வேண்டுகோள்தான். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிடலாம். தையல் மெஷினில் உட்காருகிறவர் எந்த வீட்டிலிருந்து தைப்பது? ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் வீட்டிலிருந்தே ஊசி போடுவாரா? வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர், இந்த வாரம் ரெட் அலெர்ட், அடுத்த வாரம் பார்ப்போம் என்று சிறுநீரகத்திடம் சொல்ல முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரயிலை நிறுத்தாதே, பஸ்ஸை ஓட்டு என்று நான் சொல்லவே இல்லை. போன பதிவிலும் சொல்லவில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டு திட்டியவர்கள் மறுபடி படித்துப் பாருங்கள். நிறுத்துங்கள். ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஏன் நிற்கிறது, எங்கே தண்ணீர், இன்றைக்குப் போகுமா போகாதா. தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்றே சொல்லுங்கள். அவ்வளவுதான்.

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பது நம் ஊருக்கு நன்றாகத் தெரியும். 1956 நவம்பர் 23, அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் நொடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் இறங்கியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி பாசஞ்சர் பயணிகளோடு கடலுக்குள் போனது. இதெல்லாம் தெரிந்தவன் யாரும், பாலத்தில் தண்ணீர் அபாயக் கோட்டைத் தொட்ட பிறகு ரயில் ஏன் நிற்கிறது என்று கேட்க மாட்டான். கொட்டுகிற மழையில் ராத்திரி முழுக்க விளக்கோடு தண்டவாளத்தில் நடந்து பார்க்கிற டிராக்மேன்களை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை, அது வேறு வருத்தம்.

ஸ்ரீவைகுண்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அங்கேயே நிறுத்தப்பட்டது. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரயில் அங்கே நின்றதால்தான் சுமார் 800 பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள். நிறுத்தியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். சுற்றிலும் தண்ணீர், போன் வேலை செய்யவில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் இருக்கும்போது, சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 19ஆம் தேதி எல்லாரையும் மீட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் அனுப்பினார்கள்.

அந்த ரயிலில் மார்கழி முதல் நாள் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களைப் பார்த்து "யாரு கிளம்பச் சொன்னது" என்று புதுக்குடிக்காரர் ஒருவரும் கேட்டதாக நான் படிக்கவில்லை. சோறு போட்டவர்களுக்குத் தோன்றாத கேள்வி, சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது?

என் கதையையும் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த பிறகு வந்த திங்கட்கிழமை, 2024 டிசம்பர் 2. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது. திருச்சியிலிருந்து நான் ஏற வேண்டிய ரயில் ரத்து. போனுக்குத் தகவல் வந்தது, பணமும் பிறகு வந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுநாள் ஆபீஸில் இருந்தே ஆக வேண்டும். லீவு கேட்டதற்கு மேனேஜர் சொன்னது: "அங்க மழை, சரி. இங்க ஆபீஸ் திறந்துதானே இருக்கு?"

ஒரு ஆம்னி பஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம். "ரோடு கிளியர் சார், நேரா சென்னைதான்." வழக்கமான கட்டணத்தைவிட அதிகம் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம்தான், பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரி, பின்னால் லாரி. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் போகிறது. சாத்தனூர் அணையில் அன்று அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு செய்தியில் தெரிந்தது. பஸ்ஸுக்குள் இருந்தபோது தெரிந்தது ஒன்றே ஒன்று: ஏசியை அணைத்துவிட்டார்கள்.

டிரைவர் நல்ல மனுஷன். அவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தபோது சொன்னார், "நம்ம கம்பெனி வண்டி ஒண்ணு காலையிலிருந்தே முன்னாடி மாட்டிக்கிட்டு நிக்குது தம்பி." காலையிலிருந்தே! அப்படியென்றால் என்னிடம் ரோடு கிளியர் என்று சொன்ன ஆளுக்கு, ரோடு கிளியர் இல்லை என்று தெரியும். தெரிந்தேதான் டிக்கெட் விற்றார். அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். சர்க்கரை நோயாளியான ஒரு பெரியவர். பெண்கள் பாத்ரூம் போக வழியில்லாமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பொழுது ஏற ஏற எல்லாரும் டிரைவர் மேல் பாய ஆரம்பித்தார்கள். நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

அப்போதுதான் பக்கத்து வரிசையில் நின்ற அரசுப் பஸ் கண்டக்டர் வந்தார். பேன்ட்டை முட்டிவரை மடித்துவிட்டு, முன்னால் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பஸ்ஸில் சொன்னதோடு நில்லாமல் எங்கள் பஸ் படியிலும் ஏறி நின்று சொன்னார்: "கேட்டுக்குங்க. முட்டிக்கு மேல தண்ணி ஓடுது, இழுப்பு ஜாஸ்தி. இப்போதைக்கு விடமாட்டாங்க. எப்ப விடுவாங்கன்னு போலீசுக்கே தெரியல. பின்னாடி ஊருக்குள்ள ரெண்டு வீட்ல சொல்லி வச்சிருக்கேன், பொம்பளைங்க போயிட்டு வாங்க. சாப்பிடுறவங்க சாப்பிட்டுருங்க."

நம்பினால் நம்புங்கள், அதோடு சத்தம் அடங்கியது. அவர் ஒன்றும் நல்ல செய்தி சொல்லவில்லை. எப்போது போவோம் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னார். பெரியவர் இறங்கி இட்லி வாங்கச் சொன்னார். கைக்குழந்தைக்காரப் பெண் அம்மாவுக்குப் போன் போட்டு "இன்னைக்கு வரமாட்டேன்மா, பயப்படாதே" என்றார். எல்லாரும் அவரவர் ஏற்பாட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜனங்களுக்கு வேண்டியது இதுதான். உண்மை தெரிந்தால் அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது சிலர் கிளம்பி வருவீர்கள். "எல்லாம் ஆப்பில் இருக்கிறதே, பார்க்க வேண்டியதுதானே?" பார்த்தோம். நட்ட நடுக்காட்டில் ரயில் நிற்கும்போது ஆப் என்ன காட்டும் தெரியுமா? அரை மணி தாமதம் என்று காட்டும், கொஞ்ச நேரம் கழித்து ஒரு மணி தாமதம் என்று காட்டும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி, இதோ, இதோ என்று. நம்பி அங்கேயே நிற்போம். அதுவும் டவர் இருந்தால், போனில் சார்ஜ் இருந்தால், ஆப் என்றால் என்னவென்று தெரிந்தால். கையில் பட்டன் போனும் அட்டையில் எழுதிய நம்பருமாகப் பயணம் போகிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் நட்பு வட்டத்தில் இல்லாமல் இருக்கலாம்.

"இயற்கைச் சீற்றம், யாருக்கு முன்கூட்டித் தெரியும்?" நிவர் புயலின்போது தெரிந்ததே. 2020 நவம்பர் 24 மதியம் ஒரு மணியிலிருந்து ஏழு மாவட்டங்களில் பஸ் ஓடாது என்று முந்தைய நாளே அறிவித்தார்கள். மாவட்டப் பெயர்களோடு, நேரத்தோடு. யாரும் பஸ் ஸ்டாண்டில் கத்தியதாக நான் படிக்கவில்லை. ஆக, முடியும். மனம் வைத்தால் முடியும்.

"ஊழியர்களும் மனிதர்கள்தான், அவர்கள் வீட்டிலும் வெள்ளம்." சரிதான். மறுக்கவில்லை. அடுத்தது.

"அரசியல் பேசுகிறாய்." பாத்ரூம் இல்லை என்பது எந்தக் கட்சிக் கொள்கை?

"கத்தாமல் மரியாதையாகக் கேட்டிருக்கலாம்." இதைத்தான் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், படித்தவர்கள், நாகரிகமானவர்கள். அந்த அம்மா ஒருமையில் பேசினார், உண்மை. அது தவறு என்றே வைத்துக்கொள்வோம். வீடியோ தொடங்குவதற்கு முன்னால் அவர் எத்தனை முறை மரியாதையாகக் கேட்டார் என்று யாருக்குத் தெரியும்? மரியாதையாகக் கேட்கிறவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லையே. நான் மரியாதையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வேறொரு மழையில், ஒரு ஜங்ஷனில், "சார், தயவுசெய்து" என்று ஆரம்பித்துக் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அனவுன்ஸ் பண்ணுவாங்க" என்றார். அனவுன்ஸ் பண்ணினார்கள்: "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்." பதிவு செய்து வைத்த குரல். மூன்று மொழியில் வருந்தியது. எந்த ரயில், எங்கே, எப்போது என்பது ஒரு மொழியிலும் இல்லை.

வீட்டு வாசலில் கார் நிற்கிறவர்களுக்கு இது புரியாது என்று சொன்னால் கோபம் வரும். வரட்டும். புயல் உங்களுக்கு டிவியில் ஓடுகிற வரைபடம், ஜன்னல் ஓர வீடியோ, சூடாக ஏதாவது கொறிக்க ஒரு சாக்கு. முன்பதிவில்லாப் பெட்டியில் நனைந்த துணியோடு நிற்கிறவரைப் பார்த்து "பாதுகாப்பாக வீட்டிலேயே இருங்கள்" என்கிறீர்கள். அவர் வீட்டுக்குத்தானய்யா போய்க்கொண்டிருக்கிறார்!

தம்பி, கடைசியாக உனக்கு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எழும்பூரிலிருந்து ரயில் இல்லை என்று ஆனபோது, நீ யாரைக் கூப்பிட்டாய் என்று இங்கே எழுத மாட்டேன். உன்னிடம் அன்று யாரும் யார் கிளம்பச் சொன்னது என்று கேட்கவில்லை. அந்த லைக்கை எடுத்துவிட்டதாக இப்போது மெசேஜ் அனுப்பியிருக்கிறாய், "அண்ணே, சும்மா தமாஷுக்கு" என்று. பார்த்தேன். பதில் போடவில்லை, போடவும் தோன்றவில்லை.

பி.கு.: இன்பாக்ஸில் பணம் திரும்ப வாங்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு. ரயிலே ரத்தானால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாக வரும், சேவைக் கட்டணம் மட்டும் வராது. கவுன்ட்டரில் எடுத்தது என்றால் நாள் கடத்தாமல் கவுன்ட்டரிலேயே போய்க் கொடுங்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால், அது உங்கள் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட்டுவிடுங்கள், பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. ஆம்னி பஸ்ஸில் கொடுத்த பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கே இன்னும் வரவில்லை.