ஒட்டுப்பால்

நேற்று ராத்திரி பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனோடு உட்கார்ந்து 'தி அவுட்சைடர்ஸ்' பார்த்தேன். 1983இல் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்த படம். கல்லூரி நாட்களில் ஒருமுறை பார்த்தபோது அடிதடி மட்டும்தான் கண்ணில் பட்டது. இந்த முறை பாதியில் எழுந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கதை நடப்பது அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தில், 1960களில். தலையில் எண்ணெய் வழியச் சீவிக்கொள்ளும் ஏழைப் பையன்களுக்கு 'கிரீசர்' என்று பெயர். பணக்காரப் பையன்கள் 'சோஷ்'. ஒரு ராத்திரி பூங்காவில் சோஷ் பையன்கள் போனிபாய் என்ற பதினாலு வயதுப் பையனின் தலையை நீரூற்றுத் தொட்டிக்குள் அமுக்குகிறார்கள். அவனைக் காப்பாற்ற நண்பன் ஜானி கத்தியை எடுக்கிறான். ஒருவன் செத்துப்போகிறான். அப்புறம் இரண்டு பேரும் ஓடுகிறார்கள்.

'கிரீசர்' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு 'ஒட்டுப்பால்' என்றுதான் கேட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் வெட்டிய பாலைச் சிரட்டையிலிருந்து ஊற்றி எடுத்த பிறகு, சிரட்டையிலும் வெட்டின வரியிலும் கொஞ்சம் உறைந்து ஒட்டிக் கிடக்கும். அதை உரித்துச் சேர்ப்பதுதான் ஒட்டுப்பால். மூட்டையாகக் கட்டி வைத்தால் தெருமுனை வரைக்கும் நாறும். என் நண்பன் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு பால் வெட்டப் போய்விட்டு, குளித்து, ஓடிவந்து பஸ் பிடிப்பான். வெள்ளைச் சட்டையில் பால் பட்டால் கறுத்துவிடும், எந்த சோப்புக்கும் போகாது. அவன் சட்டையின் இடது கைமடிப்பில் அப்படி ஒரு கறை இருந்தது. அது தெரியாமலிருக்க எப்போதும் கையை மடக்கிவிட்டிருப்பான். சொந்தத் தோட்டம் இருந்த வீட்டுப் பையன்கள், பைக்கில் வருகிறவர்கள், அவனுக்கு வைத்த பெயர் அது. போகப்போக பஸ்ஸில் வரும் எங்கள் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒரு நாள் உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "எனக்க கை மணக்குதாலே?" என்று கேட்டான். இல்லை என்று பொய் சொன்னேன்.

1996இல் ஒரு சனிக்கிழமை, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே இரண்டு கூட்டமும் அடித்துக்கொண்டோம். 115 அடி உயரத்தில் மேலே பாலம், கீழே பறளியாற்றங்கரையில் பன்னிரண்டு பேர். படத்தில் போலவே அன்றைக்கும் நல்ல மழை. பெல்ட், கை, கல், பத்து நிமிஷம்கூட இருக்காது. எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவனுக்குக் கல் பட்டு நெற்றி பிளந்தது. எறிந்தது யாரென்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அன்று மாலை காவல் நிலையத்துக்குக் கார்கள் வந்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அந்தப் பையன்கள் வீட்டில் இருந்தார்கள். என் மாமா வாத்தியார், அவர் வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நண்பனின் அப்பா கைலியும் கறைச் சட்டையுமாக விடியும்வரை வெளியே மரத்தடியில் நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை டி.சி. கொடுத்தது அவன் ஒருவனுக்கு மட்டும்தான்.

நம் படங்களில் சண்டை முடிந்ததும் பாட்டு வந்துவிடுகிறது. மரத்தடியில் நிற்கும் அப்பா வருவதில்லை. இதில் பெரிய சண்டைக்கு முன்னால் ஒரு சோஷ் பையனே போனிபாயைக் காரில் உட்காரவைத்துச் சொல்கிறான்: நீங்கள் ஜெயித்தாலும் நீங்கள் கீழேதான், நாங்கள் மேலேதான். கிரீசர்கள் ஜெயிக்கவும் செய்கிறார்கள். ஜெயித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், தீக்காயத்தோடு அங்கே கிடந்த ஜானி சாகிறான். அதே ராத்திரி அவர்கள் கூட்டத்து இன்னொரு பையன் டாலி போலீஸ் குண்டுக்கு விழுகிறான். அடி இரண்டு பக்கமும் விழுகிறது, அதற்கான கணக்கு ஒரு பக்கம்தான் எழுதப்படுகிறது. இதை இவ்வளவு நேராகச் சொன்ன இன்னொரு பள்ளிப் பையன்கள் படத்தை நான் பார்த்ததில்லை.

இதை எழுதியதும் ஒரு பள்ளிப் பிள்ளைதான். எஸ்.இ. ஹின்டன் இந்த நாவலைத் தொடங்கியபோது அவருக்கு வயது 15, 1967இல் புத்தகம் வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகர், பிள்ளைகளின் கையெழுத்தோடு கொப்போலாவுக்குக் கடிதம் போட்டதால்தான் இது படமானது. படப்பிடிப்பிலும் சோஷாக நடித்தவர்களுக்கு நல்ல அறை, தோல் அட்டை போட்ட ஸ்கிரிப்ட், கிரீசர்களுக்கு மட்டமானது என்று பிரித்துவைத்தார்களாம். பார்ப்பதென்றால் 2005இல் வந்த நீண்ட பதிப்பைப் பாருங்கள். அப்பா அம்மா இல்லாத போனிபாயும் அவனுடைய இரண்டு அண்ணன்களும் இருக்கும் வீடு அதில்தான் முழுசாக வருகிறது.

2023 ஆகஸ்டில் ஆரல்வாய்மொழி தாண்டி, நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையும் சிலர் 'மாணவர் மோதல்' என்று பேசியபோது எனக்குக் கோபம் வந்தது. அதையடுத்து தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறுவரைக்கும் பேசியிருந்தது. சாதி பார்த்து ஒருவனை அரிவாளால் வெட்டுவதற்கு மோதல் என்று பெயர் கிடையாது. அங்கே இரண்டு பக்கமே இல்லை.

படம் முடிந்ததும் தொட்டிப்பாலத்துக் கதையை மகனிடம் சொன்னேன். "அந்த மாமா இப்போ எங்கப்பா?" என்றான். அருமனை பக்கம் குத்தகைக்கு மரம் எடுத்துப் பால் வெட்டுகிறான். வரும் ஞாயிறு இரண்டு பேரும் போகிறோம். டி.சி. வாங்கிக்கொண்டு அவன் நடந்துபோன அன்றைக்கு நான் ஏன் பள்ளி வாசல் வரைக்கும்கூட வரவில்லை என்று அவன் இதுவரை ஒருதடவையும் கேட்டதில்லை.