வயர்லெஸ் நன்றாகத்தான் இருந்தது

எங்காவது ஒரு விமானம் விபத்தில் சிக்கினால் போதும், அன்று மாலைக்குள் நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரி சுற்ற ஆரம்பித்துவிடும்: "கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது." குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனாலும் திருவனந்தபுரம் வழியாக வளைகுடா போய்வரும் ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு, அதனால் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்த வரி பெரும்பாலும் தப்பு. ரேடியோ செத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கு எப்போதோ வழி கண்டாகிவிட்டது. ரேடியோ நன்றாக வேலை செய்து, இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் புரிந்ததாக நினைத்துக்கொண்ட இடங்களில்தான் பெரிய சாவுகள் நடந்திருக்கின்றன.

ரேடியோ சாவதை முதலில் முடித்துவிடலாம். பயணிகள் விமானத்தில் வழக்கமாக மூன்று வி.எச்.எஃப் ரேடியோ செட் இருக்கும். பதில் வரவில்லை என்றால் விமானி வால்யூமைப் பார்ப்பார், ஹெட்செட் பிளக்கைப் பார்ப்பார், பேசும் பட்டன் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பழைய அலைவரிசைக்கே திரும்பிப் போய்க் கேட்பார், ஏனென்றால் புதிய அலைவரிசையில் ஓர் இலக்கத்தைத் தப்பாகத் திருப்பியிருக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5 மெகாஹெர்ட்ஸ். கடைசியாக, விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்று போட்டால், ரேடியோ போய்விட்டது என்பது ரேடார் திரையிலேயே தெரிந்துவிடும். டவர் என்கிற கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விளக்கு காட்டுவார்கள்: அணையாத பச்சை என்றால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. விமானி பகலில் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

இனி உண்மையான சிக்கல். 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போயிங் 747 சரக்கு விமானம். டவர் சொன்னது: "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ." 2,400 அடிக்கு இறங்கு என்பது பொருள். விமானியின் பதில்: "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ." அவர் காதில் அந்த 'டூ' இரண்டு என்ற எண்ணாக விழவில்லை, '400-க்கு' என்பதில் வரும் 'க்கு'-வாக விழுந்தது. தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே 'டூ'தான், எழுத்திலும் வித்தியாசம் காட்ட முடியாது. விமானம் 2,400 அடியைத் தாண்டிக் கீழே போய் ஒரு குன்றில் மோதியது. அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள்.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. முதல் தப்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள்: டவர் 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று விரித்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. விமானி தப்பான எண்ணை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார், டவரில் யாரும் அதைப் பிடிக்கவில்லை. உயரம், திசை, ஓடுபாதை எண், அழுத்தமானி அளவு, டிரான்ஸ்பாண்டர் எண் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொல்வதே இப்படி ஒரு தப்பைப் பிடிப்பதற்காகத்தான். திருப்பிச் சொல்வது பாதி வேலை. அதைக் காதுகொடுத்துச் சரிபார்ப்பது மறுபாதி. அந்த நேரம் பார்த்து கட்டுப்பாட்டாளர் அடுத்த விமானத்தின் விவரச் சீட்டை எழுதிக்கொண்டிருப்பார், அல்லது பக்கத்துப் போன் அடித்திருக்கும். காதில் ஒலி விழும், எண் விழாது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். "தக்கலமார்த்தாண்டங்களியக்காவிள" என்று நடத்துநர் ஒரே மூச்சில் கத்துவார். நமக்கு அத்தனையும் புரியும். கேட்டதால் புரிகிறதா? இல்லை, தெரிந்ததால் புரிகிறது. அன்றைக்கு மட்டும் அந்த வண்டி தக்கலையில் திரும்பிக் குலசேகரம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிப்பேர் மாறி ஏறியிருப்பார்கள். நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் பேசாதே என்று சர்வதேச விமானப் போக்குவரத்து விதியே சொல்கிறது. நெரிசல் நேரத்தில் அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எதிர்பார்ப்பு காதை அடைக்கும் என்பதற்கு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம் சமீபத்து உதாரணம். 2024 ஜனவரி 2 அன்று கடலோரக் காவல் விமானத்திடம் டவர் "நம்பர் ஒன்" என்றது, புறப்படும் வரிசையில் முதலாவது என்ற பொருளில். சொன்னது ஓடுபாதைக்கு வெளியே நிற்கும் இடம் வரை வரத்தான். விமானம் உள்ளேயே போய் நின்றது, இறங்கிவந்த பயணிகள் விமானம் அதில் மோதியது. பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள், சின்ன விமானத்தில் 5 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு ஜப்பானில் அந்த "நம்பர் ஒன்" சொல்வதையே நிறுத்தி வைத்தார்கள்.

"இங்கிலீஷ் சரியாக வராததுதான் காரணம்" என்று சொல்பவர்கள் 1996 சர்க்கி தாத்ரியைக் காட்டுவார்கள். சவுதி விமானமும் கசாக் விமானமும் டெல்லி அருகே மோதி 349 பேர் இறந்த விபத்து அது. மொழிச் சிக்கல் இருந்தது உண்மை. ஆனால் கசாக் விமானத்தில் டவரோடு பேசியது விமானி இல்லை, தனியாக ஒரு ரேடியோ ஆள். செய்தி ஒரு கை மாறித்தான் விமானியிடம் போனது. கோலாலம்பூரில் இறந்ததோ அமெரிக்க விமானத்தின் ஆட்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாதா?

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு. ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்து. பனிமூட்டத்தில் ஒரு விமானம் "நாங்கள் டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்கிற மாதிரி ஒன்றைச் சொன்னது. டவர் "ஓகே" என்றுவிட்டு, "பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று தொடர்ந்தது. அதே நொடியில், ஓடுபாதையிலேயே ஊர்ந்து வந்துகொண்டிருந்த இன்னொரு விமானமும் பேசியது. இரண்டு குரலும் மோதி, முதல் விமானத்தின் காக்பிட்டில் விசில் மாதிரி ஒரு கீச்சொலிதான் தெளிவாகக் கேட்டது. அந்த "ஓகே" மட்டும் குரல்கள் மோதுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, அனுமதி கொடுக்கும்போதும் கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்லலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'.

அந்தக் கீச்சொலி ஒரு விதத்தில் நல்லது. விமான ரேடியோ ஏ.எம். முறை, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஏதோ மோதியிருக்கிறது என்றாவது தெரியும். குளச்சலிலும் தூத்தூரிலும் படகுகளில் இருக்கும் வயர்லெஸ் செட் எஃப்.எம். அங்கே பலமான குரல் மட்டும் கேட்கும், தூரத்துப் படகின் குரல் தடமே இல்லாமல் போய்விடும். அதனால் திருப்பிச் சொல்லும் பழக்கம் விமானியைவிட நம்ம கடல்காரர்களுக்குத்தான் அதிகம் தேவை. இரைச்சலில் 'ஐம்பது'க்கும் 'ஒன்பது'க்கும் வித்தியாசம் தெரியாது. படகு இருக்கும் அட்சரேகை வடக்கு 7 டிகிரி 50 நிமிடமா, 7 டிகிரி 9 நிமிடமா? இடையில் 41 கடல் மைல், சுமார் 76 கிலோமீட்டர். "ஏழு டிகிரி, அஞ்சு, சைபர்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள், ஒன்பது என்றால் "சைபர், ஒன்பது". மறுபக்கம் அதே இலக்கங்களைத் திருப்பிச் சொல்லட்டும். "சரி, சரி" என்று மட்டும் பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள்.