டெக்சாஸில் இறந்தவர் எல்லிஸ் தீவின் ஆனி மூர் அல்லர்

1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் முதலாவதாகப் பதிவான அயர்லாந்துப் பெண் ஆனி மூர், பின்னாளில் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்து 1923இல் டிராம் மோதி இறந்தார் என்று இன்றும் பகிரப்படும் செய்தி தவறானது. அங்கே இறந்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலேயே பிறந்த, அதே பெயருடைய வேறொருவர் என்பது 2006இல் ஆவணங்களால் உறுதியானது. அவருடைய குடும்பத்தார் மனதார நம்பிச் சொன்ன கதையே இப்படிப் பரவியது. முன்னரே அமெரிக்கா சென்றுவிட்ட பெற்றோரிடம் சேர, தம்பிகள் இருவரை அழைத்துக்கொண்டு அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் கப்பலேறிய உண்மையான ஆனியோ, நெரிசல் மிகுந்த கீழ் மன்ஹாட்டனிலேயே வாழ்ந்து, ஜெர்மானிய வழிவந்த ஒருவரை மணந்து, பெற்ற பிள்ளைகளில் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1924இல் காலமானார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அவரைப் புதைத்த இடத்தில் 2008 வரை பெயர்க்கல்கூட இல்லை. இந்த வறிய வாழ்க்கையே பெரும்பாலான அயர்லாந்துக் குடியேறிகளின் வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பதால், பிழையான கதையைப் பகிர்ந்தவர்கள் அதைத் திருத்தி வெளியிட வேண்டும்.