தெரு மாறாத வெளிநாட்டுக்காரர்

(புதுச்சேரி, முத்தியால்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது பலகையில் மட்டும்தான். மின்கட்டணம், ரயில் டிக்கெட், பான் கார்டு, பிரான்ஸ் பென்ஷன்காரர்கள் வருடாவருடம் அனுப்பும் உயிர்ச் சான்றிதழ், எல்லாம் இங்கேதான் நடக்கும். கடைக்காரி செல்வி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற முருகையன், ஊர் வழக்கில் ‘சொல்தா’, ஒரு தடித்த கோப்புடன் உள்ளே வருகிறார். கோப்பின் கனத்தைப் பார்த்ததுமே செல்வி மின்விசிறியைக் கூட்டி வைக்கிறாள்.)

செல்வி: வாங்க மாமா. பேங்கில் என்ன சொன்னார்கள்?

முருகையன்: வருந்துகிறார்களாம்.

செல்வி: காரணம்?

முருகையன்: அதைச் சொல்ல மாட்டார்களாம். ராணுவத்தில்கூட எதற்காகத் திட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் திட்டுவார்கள்.

செல்வி: இந்த வயதில் கிரெடிட் கார்டு எதற்கு மாமா? பென்ஷன்தான் யூரோவில் வருகிறதே.

முருகையன்: ஃபிரிட்ஜ் போய்விட்டது. நேரு வீதியில் விலை கேட்டேன். ரொக்கமாகக் கொடுத்தால் முழு விலை, கிரெடிட் கார்டு என்றால் 4,000 ரூபாய் குறைவு என்கிறான். கையில் காசு வைத்திருப்பவனுக்கு அபராதம், கடன்காரனுக்குத் தள்ளுபடி. இது எந்த ஊர் நியாயம்?

செல்வி: பிரான்ஸ் கார்டைக் காட்ட வேண்டியதுதானே?

முருகையன்: காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்குது சார்’ என்று கையில் கொடுத்துவிட்டான். தள்ளுபடி இந்திய பேங்க் கார்டுக்கு மட்டும்தானாம். சரி, தள்ளுபடி இல்லாமலே தேய் என்றால், ரூபாயை யூரோவாக மாற்றுகிற கூலியை என் பேங்க் தனியாக எடுத்துக்கொள்ளும். அதையும் கொடுக்கலாம் என்றால், அனுமதி எண் என் பிரான்ஸ் சிம்முக்குப் போகிறது. அந்த சிம் செத்து வெகு நாள் ஆகிறது.

செல்வி: சரி, கோப்பைக் கொடுங்கள். எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்கலாம். (புரட்டுகிறாள்) இதோ, முதல் பக்கத்திலேயே. இரண்டே கட்டம்தான் இருக்கிறது. ஒன்று ‘இந்தியர்’, இன்னொன்று ‘என்.ஆர்.ஐ.’ நீங்கள் என்.ஆர்.ஐ.யில் டிக் போட்டிருக்கிறீர்கள்.

முருகையன்: பேங்கில் இருந்த தம்பிதான் போடச் சொன்னான். பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு, ‘நீங்க ஃபாரினர்தானே சார்’ என்றான். ஏம்மா, நான் பிறந்தது எந்தத் தெரு?

செல்வி: பக்கத்துத் தெரு.

முருகையன்: இப்போது குடியிருப்பது?

செல்வி: அதே தெரு, அதே வீடு. மாடி மட்டும் புதுசு.

முருகையன்: அப்புறம் நான் எப்படியம்மா வெளிநாட்டுக்காரன்?

செல்வி: உங்கள் அப்பா போட்ட கையெழுத்து மாமா.

முருகையன்: ஆமாம். 1962 ஆகஸ்ட் 16. அன்றைக்குத்தான் சட்டப்படி பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விட மனசு இல்லாதவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். எனக்கு மூன்று வயது. பிள்ளைகளுக்கும் சேர்த்தே அது செல்லும் என்று ஒப்பந்தம். என்னை யாரும் கேட்கவில்லை.

செல்வி: கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

முருகையன்: மிட்டாய் வாங்கித் தருகிற நாடு எதுவோ அது என்று சொல்லியிருப்பேன்.

செல்வி: 1954-இல் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்ததே மாமா, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் கூடாது என்றார்கள். அந்த எட்டுப் பேரில் உங்கள் வீட்டு ஆள் யாராவது...

முருகையன்: அதில் ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் பிரதிநிதி சபை, நகராட்சி உறுப்பினர்கள். என் அப்பா சிப்பாய். சிப்பாயிடம் யார் கருத்துக் கேட்பார்கள்?

செல்வி: சரி விடுங்கள். கட்டத்துக்கு வருவோம். என்.ஆர்.ஐ. என்றால் ஆள் இந்தியர், இருப்பது வெளிநாடு. நீங்கள் ஆள் பிரெஞ்சு, இருப்பது முத்தியால்பேட்டை. அப்படியே தலைகீழ். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் பாஸ்போர்ட்டை வைத்து முடிவு செய்வதே இல்லை மாமா. போன நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்தீர்களா, இங்கேயே தங்குகிற எண்ணமா, அவ்வளவுதான் கேள்வி.

முருகையன்: 182 நாளா? பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிய நாளைக் கணக்குப் பார்த்தாலே அதைத் தாண்டும்.

செல்வி: ஆதாருக்கும் அந்த 182 நாள்தான். அதனால்தான் உங்களுக்கும் ஆதார் கிடைத்தது.

முருகையன்: கிடைத்தது. உனக்கு ஆயுள் முழுக்க, எனக்குப் பத்து வருடம். நான் அதற்குள் கிளம்பிவிடுவேன் என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.

செல்வி: இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தருகிற ஓ.சி.ஐ. கார்டு ஆயுள் முழுக்கத்தானே?

முருகையன்: அது ஆயுள் முழுக்கத்தான். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த ஊர்க்காரன் என்பதால் கொடுத்தார்கள். ஆனால் ஓட்டு இல்லை. பிரான்சுக்கு ஜனாதிபதி யார் என்று இதே பாண்டிச்சேரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறேன். எங்கள் தெருச் சாக்கடையை யார் தூர் வாருவது என்று போட முடியாது.

செல்வி: போட்டவர்கள் எல்லாம் வாரிவிட்டார்களா என்ன? அடுத்து பெயர். கரண்ட் பில்லில் முருகையன் என்று ஒழுங்காக இருக்கிறது. பாஸ்போர்ட்டில்... (எழுத்துக் கூட்டுகிறாள்) எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ, ஜி, ஏ, ஐ, ஏ, என், ஈ. என்ன மாமா இது, இதில் முருகன் எங்கே இருக்கிறார்?

முருகையன்: பிரெஞ்சில் ‘உ’ வேண்டும் என்றால் ஓவும் யூவும் சேர்ந்து வர வேண்டும். கடைசியில் அந்த ‘ஈ’ இல்லாவிட்டால் ‘ன்’ மூக்குக்குள் போய்விடும்.

செல்வி: பேங்க் கம்ப்யூட்டருக்கு மூக்கு கிடையாதே. பாஸ்போர்ட்டில் இருப்பவர் ஒருவர், கரண்ட் பில்லில் இருப்பவர் வேறொருவர் என்று நினைத்துக்கொண்டது.

முருகையன்: இரண்டு பேர் என்றால் இரண்டு கார்டு கொடுக்கட்டுமே!

(பாண்டிச்சேரியில் இந்த ‘ஈ’ ஒட்டிய பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், பத்திரம் என்று ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். நோட்டரிகளின் பிழைப்பில் பாதி இந்த ‘ஈ’யால்தான் ஓடுகிறது என்பது என் எண்ணம்.)

செல்வி: இதெல்லாம் சில்லறை மாமா, ஒரு பிரமாணப் பத்திரத்தில் சரியாகிவிடும். பெரிய அடி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று போடுகிற சிபில் மதிப்பெண், மைனஸ் ஒன்று.

முருகையன்: மொத்தம் எத்தனைக்கு?

செல்வி: 300-இல் ஆரம்பித்து 900 வரை. 750-ஐத் தாண்டினால் நல்ல பேர்.

முருகையன்: 300-இல் ஆரம்பிக்கிறதில் எனக்கு எப்படியம்மா மைனஸ் ஒன்று? நான் அவ்வளவு கீழே குளிரில்தான் நின்றிருக்கிறேன். காவல் பணியில்.

செல்வி: கெட்ட பேர் என்று அர்த்தம் இல்லை மாமா. பேரே இல்லை என்று அர்த்தம். நீங்கள் இங்கே கடன் வாங்கியதே இல்லை.

முருகையன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) வாங்க மாட்டோம். எங்கள் குடும்பத்தில் கடன் என்ற பேச்சே கிடையாது. மாடி கட்டினேனே, ஒரு பைசா வெளியே வாங்கினேனா?

செல்வி: (கொஞ்சம் இருமி) ம்... கடனே வாங்காதவர் பேர் மளிகைக்கடை நோட்டில் எப்படி இருக்கும்? நோட்டில் இருந்தால்தானே ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று பார்க்க முடியும்?

முருகையன்: பிரான்சில் இந்த மதிப்பெண்ணே கிடையாது. பாங்க் தெ பிரான்ஸில் ஒரு பட்டியல் இருக்கும். தவணை கட்டாதவன் பேர்தான் அதில் ஏறும். பேர் இல்லாவிட்டால் யோக்கியன். இங்கே பேர் இல்லாவிட்டால் சந்தேகக் கேஸ். விமானத்தில் ஏறும்போது யோக்கியனாகத்தான் ஏறினேன். இறங்கியபோது என்ன ஆனேன்?

செல்வி: எல்லா நாட்டிலும் இதே கதைதான். இங்கே 800 வாங்கியிருந்த நம் பையன் அமெரிக்காவில் இறங்கினால் அங்கே அவனை யாருக்குத் தெரியும்? அவனும் பேங்கில் பணத்தைப் பிணையாகக் கட்டித்தான் முதல் கார்டு வாங்குகிறான்.

முருகையன்: அவன் அந்நிய நாட்டில் இருக்கிறான், படட்டும். நான் என் வீட்டில் இருக்கிறேன். அதுவும் எப்படி? 2024-இல் இருந்து இங்கிருந்து போகிறவன் ஈஃபில் கோபுரத்தில் யுபிஐ ஸ்கேன் பண்ணி டிக்கெட் வாங்குகிறான். அங்கிருந்து வந்த எனக்கு நேரு வீதியில் ஒரு ஃபிரிட்ஜ் இல்லை.

செல்வி: கோபப்படாதீர்கள். வழி இருக்கிறது. பேங்கில் எஃப்.டி. போடுங்கள். அதன் பேரில் கார்டு கொடுப்பார்கள். சிபிலும் வேண்டாம், சம்பளச் சீட்டும் வேண்டாம். எஃப்.டி.யில் 75 முதல் 90 சதவீதம் வரை லிமிட் வரும். வட்டியும் உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும்.

முருகையன்: பொறு, பொறு. லட்சம் ரூபாயை நான் கொடுக்க வேண்டும்.

செல்வி: ஆமாம்.

முருகையன்: அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, ‘உங்களை நம்பி’ என்று சொல்லி, எனக்கே 80,000 கடன் கொடுப்பார்கள்.

செல்வி: ஆமாம்.

முருகையன்: நான் கட்டாவிட்டால்?

செல்வி: எஃப்.டி.யில் எடுத்துக்கொள்வார்கள். கெடு தாண்டினால் வட்டியும் உண்டு. பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல்.

முருகையன்: எஃப்.டி.க்கு எனக்கு எவ்வளவு தருவார்கள்?

செல்வி: வருடத்துக்கு ஆறோ ஏழோ.

முருகையன்: எனக்கு வருடத்துக்கு ஏழு, அவர்களுக்கு வருடத்துக்கு 36-க்கு மேல். இரண்டும் என் பணம்! பிரெஞ்சு கவர்னர் துப்ளெக்ஸ் இந்த ஊரில் எவ்வளவோ வியாபாரம் பண்ணினார், இந்த யோசனை அவருக்கு வரவில்லை பார்.

செல்வி: கெடுவுக்குள் முழுசாகக் கட்டிவிட்டால் ஒரு பைசா வட்டி இல்லை மாமா. குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் ஒன்று போட்டிருக்கும், அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

முருகையன்: வேண்டாம்மா. மற்ற பேங்குகளில் எழுதிப் போடு. எல்லா இடத்திலும் போடு.

செல்வி: வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபிலில் பதிவாகும். இந்த ஆள் கடனுக்கு அலைகிறார் என்று எழுதிக்கொள்வார்கள். அதோடு சாதாரண கார்டு என்றால் நிறையப் பேங்குகளில் 60, 65 வயதோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். பேசாமல் அத்தை பேரில் போட்டுவிடலாமே? அத்தைக்கு 788 இருக்கிறது.

(சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.)

முருகையன்: யாருக்கு 788?

செல்வி: ஸ்டேப்ளர் பின் தீர்ந்துவிட்டது, ஒரு நிமிடம்...

முருகையன்: உட்கார். கடன் வாங்கினால்தான் மதிப்பெண் என்றாய். அவள் யாரிடம் வாங்கினாள்?

செல்வி: நகைக்கடன் மாமா. அதுவும் சிபிலில் ஏறும்.

முருகையன்: எந்த நகை? நகையெல்லாம் பத்திரமாக லாக்கரில் இருக்கிறது.

செல்வி: லாக்கரில்தான் இருந்தது. பேங்க்காரர்களின் லாக்கரில்.

முருகையன்: (யோசிக்கிறார்) ஒவ்வொரு கல்யாணத்துக்கும், ‘அந்தக் கல் ஆரம் இந்தப் புடவைக்குச் சேராது’ என்பாளே...

செல்வி: புடவை மேல் குற்றம் இல்லை மாமா.

முருகையன்: எதற்கு வாங்கினாள்?

செல்வி: முதல் தடவை கடலூர் முதுநகரில் அவங்க தம்பி படகுக்கு எஞ்சின். அப்புறம்... அப்புறம் உங்கள் மாடி.

முருகையன்: என் மாடியா?

செல்வி: தளம் போட்டதோடு நீங்கள் அனுப்பிய பணம் தீர்ந்துவிட்டதாம். டைல்ஸ், ஜன்னல், பாத்ரூம் எல்லாம் ஆரம். ஆனால் ஒரு தவணைகூடத் தவறவில்லை மாமா, நான்தான் ரசீது எடுத்துக் கொடுப்பேன். 788 சும்மா வருமா?

(முருகையன் கோப்பை மூடுகிறார். மறுபடியும் திறக்கிறார்.)

முருகையன்: அதனால்தான் அவள் போனுக்குத் தினம் ஒரு பெண் கூப்பிட்டு, ‘கிரெடிட் கார்டு வேண்டுமா மேடம்’ என்று கேட்கிறதா?

செல்வி: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

முருகையன்: சைபர் கிரைமில் சொல்லிவிடுவேன் என்றேன்.

செல்வி: நல்ல காரியம். மாமா, கேளுங்கள். மாடி வாடகைக்கு அத்தை பேரில் வருமான வரிக் கணக்குப் போடுகிறோம். வயது 58. இந்தியக் குடியுரிமை. அத்தைக்குக் கார்டு உடனே வரும். உங்களை அதில் ஆட்-ஆன் ஆகச் சேர்த்துவிடலாம். உங்கள் பேர் போட்டுத் தனிக் கார்டே வரும். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. எல்லாம் சரிபார்ப்புக்குக் கேட்பார்கள். ஆனால் வருமானம், சிபில் எல்லாம் அத்தையுடையதுதான்.

முருகையன்: பில்?

செல்வி: அத்தைக்குப் போகும்.

முருகையன்: நான் எங்கே, எவ்வளவு செலவு செய்தேன் என்பது?

செல்வி: எல்லாம் அத்தைக்கு மெசேஜ் போகும்.

முருகையன்: 1758-இல் எங்கள் ஆட்கள் போய்க் கடலூர்க் கோட்டையைப் பிடித்தார்கள். 1761-இல் இங்கிலீஷ்காரன் வந்து பாண்டிச்சேரியைத் தரைமட்டமாக்கினான். கடலூர்க்காரியைக் கட்டாதே என்று அப்பா அப்போதே சொன்னார்.

செல்வி: நடப்பதைப் பேசுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டுமா, வேண்டாமா?

முருகையன்: போட்டுத் தொலை. ஆட்-ஆன் கார்டுக்குத் தனி லிமிட் உண்டா? கௌரவமாக ஒரு ஐம்பதாயிரம் வை.

செல்வி: அதை முதன்மைக் கார்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

முருகையன்: சரி, சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து அவளிடம் பேசுகிறேன்.

செல்வி: அவசியமே இல்லை மாமா. காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாங்க. ஃபிரிட்ஜை அவங்க கார்டிலேயே எடுத்துக்கொள்வாங்களாம். உங்களுக்கு மாதம் 3,000.