இரண்டு பேர் சேர்ந்து நாணயம் தேடப் போனால் நிலத்தைப் பிரிக்காதீர்கள்

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு நண்பரோடு பழைய நாணயமும் நகையும் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, நிலத்தைப் பாகம் பிரிப்பது. நீ அந்த மூலை, நான் இந்த மூலை என்று போய்விடுகிறார்கள். நிறைய இடம் பார்த்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் இருந்தது மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஒருவர் தெற்கு வடக்காகத் தேடிய அதே நிலத்தை மற்றவர் கிழக்கு மேற்காகத் தேட வேண்டும். துணைக்கு ஆள் இருப்பதன் பெரிய பலனே அதுதான்.

காரணம் துருப்பிடித்த ஆணி. வீடு வாசல் இருந்து அழிந்த மண்ணில் ஆணி இல்லாத இடமே கிடையாது. வெள்ளி நாணயத்துக்கு நாலு விரல் தள்ளி ஓர் ஆணி கிடந்தால் போதும். காயில், அதாவது தரைக்கு மேல் பக்கவாட்டில் வீசி நகர்த்தும் மெஷினின் வட்டத் தட்டு, ஒரு திசையிலிருந்து வரும்போது இரும்பின் சிக்னல் நாணயத்தை அப்படியே விழுங்கிவிடும். திசை மாறி வந்தால் அதே நாணயம் பளிச்சென்று கேட்கலாம். எந்தத் திசை மறைக்கும், எது விடும் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. அதனால் இரண்டு திசையும் வேண்டும்.

ஆணி இன்னொரு வேலையும் செய்யும். வளைந்த ஆணி ஒரு பக்கம் வெள்ளி மாதிரியே கணீரென்று சத்தம் போடும். நின்ற இடத்திலிருந்து 90 டிகிரி சுற்றி வந்து மறுபடி வீசினால் சத்தம் உடைந்து கரகரக்கும், எந்த உலோகம் என்று சொல்லும் திரை எண் தாவும். தனியாகக் கிடக்கும் நாணயம் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அநேகமாக ஒரே மாதிரி பேசும். தோண்டலாமா என்ற சந்தேகம் வந்தால் நண்பரைக் கூப்பிட்டு அவர் மெஷினை அதே புள்ளியில் வீசச் சொல்லுங்கள். இரண்டு மெஷினும் ஒத்துப்போனால் தோண்டுங்கள்.

இப்படிக் கூப்பிடும்போது உங்கள் மெஷினை அணைத்துவிடுங்கள். ஒரே அலைவரிசையில் ஓடும் இரண்டு டிடெக்டர்கள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு கண்டபடி கத்தும். பலர் உடனே சென்சிடிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்திறனை, குறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆழம்தான் போகும். முதலில் குறைந்தது 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அல்லது அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தும் வசதி இருந்தால் ஒருவர் நகர்த்திக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஆளுக்கொரு விதம் வாங்குவது நல்லது: 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளது பெரிய வெள்ளி நாணயத்துக்கு ஆழமாகப் போகும். 15-க்கு மேல் உள்ளது மெல்லிய மோதிரத்தையும் சின்னத் தங்கத்தையும் நன்றாகப் பிடிக்கும். கடலோர ஈர மணலில் உப்பு ஒற்றை அலைவரிசை மெஷினைக் குழப்பும். அங்கே பல அலைவரிசை மெஷினோ விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் வகையோ வேண்டும்.

வீசும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண 11 அங்குலக் காயிலுக்கு ஒற்றை நாணயம் சுமார் 20 செ.மீ. ஆழம் வரை கேட்டால் நல்லது. வீச்சின் இரு முனையிலும் ஊஞ்சல் மாதிரி காயிலை 5 செ.மீ. தூக்கினால் அந்த 5 செ.மீ. ஆழம் அங்கே போச்சு. தரைக்கு இரண்டு விரல் மேலே, மட்டமாக, முந்தைய வீச்சின் பாதியை மூடியபடி நகருங்கள். இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டால் விட்டுப்போகாது. மண்ணின் சொந்தச் சத்தத்தை மெஷின் ஒதுக்கும்படி சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸை உலோகம் இல்லாத ஒரு துண்டு மண்ணின் மேல் செய்யுங்கள். மண் நிறம் மாறினால் மறுபடி செய்யுங்கள்.

நகை தேடுகிறவர்கள் அலுமினியத்தை டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்தை ஒலிக்காமல் செய்யும் அமைப்பு) வெட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் விழுகின்றன. குப்பையை வெட்டினால் மோதிரத்தையும் சேர்த்து வெட்டியதாகிறது. இரும்பை மட்டும் ஒதுக்குங்கள், மற்றதையெல்லாம் தோண்டுங்கள். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம்: மெஷின் அதை ஒரே பொருளாகப் பார்க்காது, தனித்தனி வளையங்களாகப் பார்க்கும். அதனால் கொக்கியோ பதக்கமோ மட்டும்தான் லேசாக முனகும்.

தோண்டுவதில் அவசரம் வேண்டாம். புல்தரையில் சிக்னலின் நடுவிலிருந்து 10 செ.மீ. விலகி மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தை வேரோடு விட்டுக் கதவு மாதிரி திறங்கள். முழுவதும் வெட்டி எடுத்தால் புல் காய்ந்துவிடும். மண்ணைத் துணியில் கொட்டி, பின்பாயிண்டரால் (கையடக்கக் குச்சி டிடெக்டர்) குழியின் சுவர்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று எடுத்தபின் குழியின் மேல் காயிலை மறுபடி வீசாமல் மூடாதீர்கள். பையோடு தொலைந்த காசு ஒன்றாகவே கிடக்கும்.

கிடைத்த நாணயத்தைச் சட்டையில் துடைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள் முகப்பில் மயிர்க்கோடாகக் கீறிவிடும், அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு மண் தானாக விடட்டும். பித்தளைப் பிரஷ், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த கரும்பச்சைப் படலம்தான் அந்த நாணயத்தின் தோல்.

கடைசியாக, ஆனால் முதல் குழிக்கு முன்னே முடிக்க வேண்டியது: நில உரிமையாளரின் எழுத்து அனுமதி, அந்த நாட்டுப் புதையல் சட்டம், உங்கள் இருவருக்குள் ஓர் ஒப்பந்தத் தாள். பாதுகாக்கப்பட்ட பழம்பெரும் இடத்தில் மெஷினை இறக்கவே கூடாது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள ஜெர்சி தீவில் இரண்டு நண்பர்கள் சுமார் 30 வருஷம் ஒரே வயல்பக்கம் தேடி, 2012-இல் ஒரு பெரிய கட்டியைத் தொட்டார்கள். தொட்டதும் நிறுத்தித் தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார்கள். கட்டியை முழுதாகத் தூக்கிப் பிரித்ததில் ஏறக்குறைய 70,000 நாணயங்கள். 2015-இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் பக்கம் வேறு இருவர் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய வைக்கிங் காலப் புதையலை எடுத்து, அறிவிக்காமல் விற்றார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று கணக்கு, மீண்டது 31 மட்டும். 2019-இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். அந்த மண்ணில் எது எதோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்ற வரலாறு போனதுதான் எனக்குப் பெரிய வலி.

அந்தத் தாளில் மூன்று விஷயம் போதும். யார் மெஷின் கத்தினாலும், யார் தோண்டினாலும் பங்கு சமம். பெயர் பொறித்த மோதிரம் கிடைத்தால் உரியவரைத் தேடிக் கொடுப்பது. இரண்டு மூன்று பழைய நாணயம் ஒரே குழியில் வந்தால் கையை எடுத்துவிட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்து, உரிய அலுவலகத்துக்குச் சொல்வது. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.